அளந்து பார்க்கச் சொன்னேன்

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

டுலூத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் வீக்கமும் வடிந்துவிட்டது. அங்கே பூசானில் மழைக்காலம் தொடங்கியிருக்குமே, பள்ளிக்குப் பாடம் நடத்த நனையாமல் போய் வருகிறாய் என்று நம்புகிறேன்.

போனில் சொல்ல வராததை எழுதுகிறேன். எனக்கே குழப்பம், முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள். தூண்டில் புழு விற்கும் கடை வாசலில் ஆர்வின் திரும்பிப் பார்க்காமல் பிக்கப் வண்டியைப் பின்னுக்கு எடுத்து அப்பாவின் பைக்கில் இடித்தது உனக்குத் தெரியுமே. கீழே கிடந்தபடியே அப்பாதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டாராம், நம் ஊர்க்காரர் வேறென்ன செய்வார். இன்சூரன்ஸ்காரர்கள் ரிப்பேர் எஸ்டிமேட் கேட்டார்கள். சனிக்கிழமை அப்பா பைக்கிலும் நான் பின்னாலேயே காரிலுமாக மெக்கானிக் கர்ட்டின் பட்டறைக்குப் போனோம். கர்ட் வண்டியைச் சுற்றி வந்து, "ஆர்வின் தூண்டில்ல எதுவுமே மாட்டாதுன்னு நெனச்சேன், கடைசியில நீ மாட்டியிருக்கியேடா லைல்" என்று சிரித்துவிட்டு ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். எதைத் தொட்டாலும் அப்பா, "அது பெருசா ஒண்ணுமில்லப்பா, நானே நிமித்திக்குவேன்" என்றார். உலகத்தில் எல்லோரும் கூட்டி எழுதச் சொல்வார்கள், இவர் குறைக்கச் சொல்கிறார், நம் ஆட்களின் வழக்கமான கூச்சம் என்றுதான் நினைத்தேன். அப்பா காப்பி எடுக்கப் போனபோது கர்ட் சொல்லித்தான் புரிந்தது. "செலவு வண்டி மதிப்பத் தாண்டிட்டா கம்பெனி பணத்தக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்கும் ஹைடி. ஆகஸ்ட்ல பொண்ணு வர்றாளாமே, பின்னாடி உக்காரவெச்சு ஏரிக்கரையோட நாட்டு எல்லை வரைக்கும் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்" என்றார்.

வரும் வழியெல்லாம், நேரான ரோட்டில்கூட, இடது பக்கமாகவே ஓடப் பார்த்த வண்டியை அப்பாவின் வலது தோள் இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு பக்கம் அவர் ஆசை, இன்னொரு பக்கம் பின்சீட்டில் நீ. பிறர் முன்னால் அவர் பேச்சை மறுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும், "வண்டி பிரேம் நேரா இருக்கான்னு அளந்து பாத்துடுங்க கர்ட்" என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் காப்பிக் கோப்பையோடு திரும்பிய அப்பா அப்படியே நின்றார். அளந்தார்கள், வளைந்திருந்தது. செலவு மதிப்பைத் தாண்டிவிட்டது, வண்டி போகப்போகிறது.

திரும்பும்போது காரில், "எப்பக் கவனிச்சே?" என்றார். பின்னால் வந்தபோது என்றேன். அதற்கு அவர், "நானும் கவனிச்சேன், பழகிடும்னு நெனச்சேன்" என்றார். கோபமா வெட்கமா, குரலில் தெரியவில்லை. அதிலிருந்து ரொம்பத் தன்மையாக இருக்கிறார், கேட்காமலே தட்டு கழுவுகிறார், அதுதான் என்னைக் கலக்குகிறது. செய்தது சரி என்று காலையில் தோன்றுகிறது, மத்தியானத்துக்குள் அவர் கையிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டதாகத் தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. நீ போகுமிடமெல்லாம் கடவுள் உன் கூடவே இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. கோட்டு மாட்டும் அலமாரியில் புதிதாக ஒரு நீல ஹெல்மெட் இருக்கிறது, உன் அளவு, விலைச்சீட்டு இன்னும் கிழிக்கவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிடவா, அங்கேயே இருக்கட்டுமா? அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என்றும் உன் அன்பு அம்மா,
ஹைடி