‘மருந்தகம்’ போர்டின் கட்டை எழுத்து

நவ. 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். கடலூர் பூரா சேறு. ரெண்டு பேனர், ஒரு காதுகுத்து பத்திரிகை.
சிதம்பரம் கீழவீதியிலேர்ந்து ஒரு மேடம். மெடிக்கல் கடை போர்டு. “பஸ்ல போறவங்க படிக்கணும். வளைவு நெளிவு வேணாம்.” இங்கிலீஷ் பேரை ஸ்லாப் செரிஃப்ங்கிற எழுத்து வகையில போட்டுக் காட்டினேன். கோடெல்லாம் ஒரே தடிமன். முனைக்கு முனை செங்கல் வச்ச மாதிரி சதுரக் கட்டை. டைப்ரைட்டர் எழுத்துக்கு அண்ணன். எவ்வளவு தூரத்துலயும் அசையாது. “தமிழும் இதே மாதிரி.” அப்படித் தமிழ் எழுத்து என்கிட்ட இல்ல. வரையறேன்னுட்டேன்.
மாமா: “சிவப்புல ஷேடோ போட்டு அடிச்சு விடுங்க மாப்ள.”
மாமனார் கடையில டிசைன் வேலை, மாமனார் வீட்டு மாடியில குடித்தனம். அஞ்சு வருஷம்.

நவ. 6, புதன்
‘மருந்தகம்.’ ம-வுக்கு இடது உச்சியில கட்டை, சரி. ரு-வோட சுழிக்கு வச்சா செருப்பு மாட்டின மாதிரி. எடுத்தாச்சு. த-வோட வாலுக்கு ஒண்ணும் வேணாம், தடிமனே போதும். புள்ளியைச் சதுரமாக்கினேன். அவ்வளவுதான், எல்லா எழுத்தும் ஒரே குடும்பம்.
மதியச் சாப்பாடு மறந்துபோச்சு.

நவ. 9, சனி
சிதம்பரம். போர்டு மாட்டியாச்சு. மேடம் ரோட்டைத் தாண்டிப் போய் நின்னு பாத்தாங்க. “இது என் கடைக்கு மட்டும்தானே?” “உங்களுக்கு மட்டும்தான் மேடம்.” அப்புறம், “கடைக்கு மேல மாடி ரூம் சும்மா கிடக்கு. இங்க வந்து தனியா தொழில் பண்ணுங்களேன்.”
திரும்பற பஸ்ல ஆலப்பாக்கம் வந்ததே தெரியல.

நவ. 10, ஞாயிறு
பொண்டாட்டி செல்விகிட்ட மாடி ரூம் விஷயத்தைச் சொன்னேன். “போயிடலாங்க. ஆனா அப்பாகிட்ட நீங்கதான் கேக்கணும்.”
கீழ போனேன். மாமா பேப்பர்லேர்ந்து நிமிர்ந்து, “என்ன மாப்ள?”
“ஒண்ணுமில்ல மாமா. இங்க் தீரப்போவுது, அதான்.”

நவ. 13, புதன்
மழை ஜாஸ்தி. மேடம் கடைக்கு நேர் எதிர்ல புது மெடிக்கல் வருதாம். அந்த ஓனர் வந்து மேடம் போர்டை போன்ல போட்டோ காட்டி, “இதே எழுத்து வேணும்.” மாமா சரின்னுட்டார்.
“அவுங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன் மாமா.”
“எழுத்துக்கு என்ன பட்டாவா இருக்கு? கடை யாருது மாப்ள?”
ஃபைலைத் திறந்தேன். கடைப் பேரை மட்டும் மாத்தினேன். அஞ்சு நிமிஷ வேலை. அதுதான் கேவலம்.

நவ. 16, சனி
மாட்டறதுக்கும் என்னையே அனுப்பினார். ஏணியில நிக்கிறேன், மேடம் எதிர்க் கடையிலேர்ந்து வந்தாங்க. அண்ணாந்து ரொம்ப நேரம் பாத்தாங்க.
“உங்க கையாலயேவா?”
மாமா சொன்னார்னு சொல்ல வாயெடுத்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டேன்.
“மாடிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.”
போயிட்டாங்க. மீதி ரெண்டு ஸ்க்ரூவையும் முடுக்கிட்டுத்தான் இறங்கினேன்.
செல்வி கேட்டா: “அப்பாகிட்ட முடியாதுன்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லல?”

நவ. 18, திங்கள்
வெயில். ‘அந்தக் கட்டை எழுத்து’ கேட்டு மூணு ஆர்டர். திருவந்திபுரத்துல ஒரு மண்டபம், ஒரு செல்போன் கடை, ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர்.
கடை திறந்ததும் முதல் வேலையா ஃபைலை அழிச்சேன். பென் டிரைவ்ல இருந்ததையும். செல்விக்கு போன் பண்ணிச் சொன்னேன். “நல்லதுங்க”ன்னா.
பதினோரு மணிக்கு மாமா வந்தார். “ஃபைல் அழிஞ்சிடுச்சு மாமா.”
கோவப்படல. தோள்ல கை வச்சார். “கம்ப்யூட்டர்ல போனா என்ன? உங்க தலையில இருக்குல்ல. வரைங்க மாப்ள.”
அவரே சேரை இழுத்துப் போட்டார்.
உட்காந்தேன்.