ஒக்டோபரில் போட்ட எரு

அஜின்கோர்ட், ஆகஸ்ட் 2, 2025

என்ரை அன்பு றெஜினா,

நான் சுகம். நீயும் கல்கரியில் மகன் வீட்டில் அப்படியே இருப்பாயென்று மாதாவை நம்பியிருக்கிறேன். எத்தனை தரம் அடித்தும் போன் எடுக்கிறாயில்லை, ராங்கிக்காரி. அதுதான் எழுதுகிறேன். பிழைகளுக்குச் சிரிக்காதே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

எங்கள் தோட்டத்துண்டில் மிளகாய்க் கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. பூ ஒன்றுகூட இல்லை. உன்னைப் போலத்தான், ஆள் வாட்டசாட்டம், வேலை பூச்சியம்! வழமைபோல மே மாதம் மூன்று மூட்டை கோழி எரு போட்டேன். என்ன பிழை?

உன் கிளடிஸ்

கல்கரி, ஆகஸ்ட் 13

அன்புள்ள கிளடிஸ்,

விசரி, ஏனடி திரும்பப் போட்டாய்? ஒக்டோபரில் நான் போட்டுக் கொத்திவிட்டுத்தானே வந்தேன். கோழி எரு ஒரு போகத்தில் முடியாது. மிச்சம் மண்ணில் கிடந்து அடுத்த பயிருக்கு வரும். அதற்கு மேலும் போட்டால் இலைதான் தள்ளும். கரையில் கீரை விதை, கூடினதை அது தின்னும். வாற மேயிலும் மூட்டை வாங்காதே.

றெஜினா

அஜின்கோர்ட், ஆகஸ்ட் 24

றெஜினா,

நீ போட்டது எனக்கு எங்கே தெரியும்? முந்தினது ஏதும் கிடந்தாலும் பனி உருக எல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். கீரை விதைத்தாச்சு.

ஆனால் ஒன்று. இருபது வருசமாக மே மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதானே எரு போட்டோம்? பக்கத்துத் துண்டு ஜெயரட்ணம் அண்ணையைக் கேட்டேன். நீ வாளியைக் கவிழ்த்து அதிலே இருந்து இருந்து கொத்தினாயாம். “விடுங்கோ தங்கச்சி, நான் கொத்திறன்” என்று அவர் வர, “வேண்டாம் அண்ணை, உவள் கிளடிசுக்கு நாரி நோ, குனிஞ்சு நிமிர ஏலாது. வாற வருசம் தனியத் தூக்கமாட்டாள்” என்றாயாம்.

தனிய என்று அப்பவே உனக்கு எப்படித் தெரியும்? குளிர் முடிய ஏப்ரலில் வாறன் என்றுதானே எனக்குச் சொன்னாய்?

இது பகிடி இல்லை. உண்மையை எழுது.

கிளடிஸ்

கல்கரி, செப்டெம்பர் 4

கிளடிஸ்,

ஓம். ஒக்டோபர் முதல் கிழமை டொக்டர் சொன்னார். ஈரலில். வாற கோடை வரைக்கும் என்றார். கோடையும் முடியப்போகிறது.

சொல்லியிருந்தால் நீ பகிடி விடுவதை நிறுத்தியிருப்பாய். போனில் என் குரலைக் கேட்டாலும் பிடித்துவிடுவாய். அதுதான் எடுக்கவில்லை.

வராதே. நீ கடைசியாகப் பார்த்த றெஜினாவே உன்னிடம் இருக்கட்டும்.

றெஜினா

அஜின்கோர்ட், செப்டெம்பர் 12

என்ரை றெஜினா,

வராதே என்று சொல்ல நீ ஆரடி? ஃபக்டரியில் அழுது லீவு வாங்கினேன். சனிக்கிழமை, இருபதாம் திகதி காலமைப் பிளேன்.

எப்படி மெலிந்திருந்தாலும் நான் உன்னைப் பகிடி பண்ணத்தான் போகிறேன். முதல் பகிடியை யோசித்து வைத்திருக்கிறேன். இதில் எழுதமாட்டேன்.

சனிக்கிழமை வரைக்கும் இரடி.

கிளடிஸ்