கயலி பேசக் கூடாது

கவரைப்பேட்டை
14.9.2025

அன்பான அக்கா மகள் ஷைனிக்கு,

தேசப்பன் மாமா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அத்தை சாராளும் சுகம்.

நான் அப்போதே சொன்னேன். 'முக்கூடல் தீவு' சீரியல் ஊத்திக்கொள்ளும் என்று முதல் நாளே சொன்னவன் நான் ஒருத்தன்தான். சிப்காட்டில் மூடிக் கிடந்த கொட்டகையில் செட் போட்டபோது, பறக்கும் யாளிக்கு இரும்புக்கூடு வெல்டிங் அடித்தது யார்? இடது இறக்கையைப் பார்த்தவுடனே, இது பறக்காது, அடைதான் காக்கும் என்றேன். டிவியில் பார்த்தாய் அல்லவா, கோழியேதான். முந்நூறு கோடி செலவாம். மொத்த சீரியலிலும் உருப்படியாக நின்றது நான் வைத்த வால் மட்டும்தான்.

நீயும் உன் மகள் ஏஞ்சலினும் அந்த சீரியலின் மூல நாவல் ஐந்து பாகத்தையும் கரைத்துக் குடித்தவர்கள். வயிறு எரியும், தெரியும். வாய் பேசாத படகுக்காரி கயலியைப் பேச வைத்துவிட்டார்களே, அதற்கு நான் பொறுப்பில்லை. கயலி பேசக் கூடாது என்று ஏஞ்சலின் எழுதி அனுப்பிய கடிதத்தை டைரக்டர் கையிலேயே கொடுத்தேன். போன தீபாவளிக்கே விவரமாக எழுதினேன். நீலச் சட்டை போட்ட மனுஷன், நின்றபடியே படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கயலி கையாலதான் பேசுவா, பாப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றார். பெரிய மனுஷன் வாக்கு மாறினால் நான் என்ன செய்வேன்?

ஏஞ்சலினுக்கு என் மேல் வருத்தம் ஒன்றும் இல்லையே? உடனே பதில் போடு.

யாளிக்கு வால் வைத்த உன் மாமா,
தேசப்பன்


கோயம்புத்தூர்
22.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மேல் அவளுக்கு வருத்தம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போனில் பேசினால் ஏஞ்சலினுக்குக் கேட்காது, கடிதம் என்றால் அவளே படிப்பாள் என்று நீங்கள் ஆரம்பித்த பழக்கம் இது. உங்கள் தீபாவளிக் கடிதத்தை அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் காட்டியிருந்தாள். அவள் வகுப்பில் பதினான்கு பேர். எல்லாரும் கையால் பேசுகிற பிள்ளைகள். ஆறாவது எபிசோடை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். கயலி துடுப்பைக் கீழே வைத்தாள். வாய் அசைந்தது. கீழே எழுத்து ஓடியது. அப்புறம் ஒரு பாட்டு வேறு. ஏஞ்சலின் ரிமோட்டை வாங்கி மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தாளாம்.

வீட்டுக்கு வந்து கையால் கேட்டது இதுதான்: "படிச்சு அழுதாருன்னு தாத்தா எழுதினாங்களே. அப்பவும் மாத்திட்டாருன்னா, நான் சரியா எழுதலையாம்மா?"

தினமும் டைரி எழுதுகிறவள், ஒரு வாரமாகப் பேனாவைத் தொடவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன எழுதினாள் என்று எனக்கும் தெரியாது, ஒட்டித்தான் தந்தாள். படிக்கும்போது எந்த இடத்தில் அவர் முகம் மாறிற்று, வேறு என்ன சொன்னார்? ஞாபகம் இருப்பதை அவளுக்கே எழுதுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

உங்கள்,
ஷைனி


கவரைப்பேட்டை
29.9.2025

செல்லப் பேத்தி ஏஞ்சலினுக்கு,

அம்மாவின் கடிதத்தை சாராள் பாட்டிதான் எனக்குப் படித்துக் காட்டினாள். முடித்ததும், "கொயந்தகிட்ட போயி இன்னாத்துக்குயா அப்டி அளந்த? அது தன்னயே நொந்துகினு கீது பாரு" என்றாள். எழுந்து போய், பைபிளுக்குள் இருந்து ஒரு கவரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சாப்பாட்டுப் பையைத் துவைக்கும்போது எடுத்தாளாம். ஒரு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாளிக்கு வால் வைத்தது நான்தான். அது நிஜம். செட்டுக்கு உள்ளே தனியாக ஒரு கேட் இருந்தது. டைரக்டர் அதற்கு அந்தப் பக்கம். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் உன் கடிதத்தோடு அங்கே போய் நின்றேன். செக்யூரிட்டிக்கு என் பையன் வயசுதான் இருக்கும். "யோவ் பெருசு, வெல்டருங்கோ இந்தாண்ட வரக் கூடாது. லெட்டரா? இங்க வெச்சிட்டுப் போ, காத்துல பறந்துச்சுன்னா என்னக் கேக்காத" என்று சிரித்தான். வைக்க மனசு வரவில்லை. மூன்றாம் நாளோடு எங்கள் வேலையும் முடிந்தது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

முடியவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சிப்காட்டில் என்னைத் தெரியாதவனே கிடையாது என்று உங்களிடம் எவ்வளவு அளந்திருக்கிறேன். ஒரு கேட்டைத் தாண்ட முடியாதவன் என்று எழுதக் கை வரவில்லை. ஒரு வரி கூட்டினேன், அதற்குத் துணையாக இன்னொரு வரி.

உன் கடிதம் இத்துடன் வருகிறது. ஓரத்தில் குழம்புக் கறை இருக்கும், அது என் பை செய்த வேலை. நீ ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது, பார். உன் எழுத்தில் குறை இல்லை கண்ணு. அதை யாரும் படிக்கவே இல்லை. நானும்தான். இனிமேல் அனுப்புவதானால் நீயே தபாலில் போடு, என்னை நம்பாதே.

டைரக்டர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார் என்று அப்போது கேட்டிருந்தாய். நீலம் என்று எழுதினேன். அந்த மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

தேசப்பன் தாத்தா