இருநூற்று நாற்பதுக்கு என் கையெழுத்து

மச்சான்,

சுவரில் துளை போட்ட சாந்துத் தூள் இன்னும் வீட்டுக்குள் மணக்கிறது. ஜன்னலுக்குக் கீழே புதிய பிளக் பொயின்ற் ஒன்று வந்திருக்கிறது. மற்றவற்றில் துவாரங்கள் நிமிர்ந்து நிற்கும். இதில் இரண்டும் படுத்துக் கிடக்கின்றன. இருநூற்று நாற்பது வோல்ற், ஏசிக்கு மட்டும். காலையிலிருந்து நாலு தரம் போய்ப் பார்த்துவிட்டேன்.

இதை நானே எழுதுகிறேன். ஒரு பந்தி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

அந்தப் பழைய ஏசி நினைவிருக்கிறதா? நாம் இருவரும் உணவகத்தில் கோப்பை கழுவிய காலம். ஜூலை முதலாம் திகதி, நகரமே வீடு மாறும் நாளில், யாரோ வீதியோரம் விட்டுப்போனதை இந்த மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தோம். அதன் பிளக் சுவரில் நுழையவில்லை. பின்பக்கம் ஒட்டியிருந்ததை நீ வாசித்தாய்.

"இருநூற்று முப்பதடா! எங்கட ஊர்க் கரண்ட்!"

வந்த பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, சாதாரண பிளக் ஒன்றைப் பூட்டினாய். இந்த நாட்டில் சுவரில் வருவது அதில் பாதிதான் என்று இருவருக்கும் உறைக்கவில்லை. ஏசி கிழட்டு நாய்போல உறுமியது. குளிர் மட்டும் வரவில்லை.

"உதுக்கு எங்களைப் பிடிக்கேல்லை" என்றேன். நீ நிலத்தில் உருண்டு சிரித்தாய்.

எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நீதான் வாசித்தாய். என் பெயரில் கையெழுத்தும் நீயே போட்டாய். நான் படிக்கப் போகிறேன் என்றபோதெல்லாம், "உனக்கு இனி ஏறாதடா. நான் இருக்கிறன்தானே" என்றாய். அன்பில்தான் சொன்னாய். ஆனாலும் பிழை, மச்சான். நீ போன பிறகு தபால் பெட்டியைத் திறக்கவே பயந்தேன். எழுபத்தாறு வயதில், கோவில் மண்டபத்தில், ஒரு ரீச்சரம்மாவிடம் அகரம் தொடங்கினேன். ஏறியது!

போன கோடையில் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தேன். அன்றிலிருந்து மகன், தன்னுடன் புறநகர் புரோசார்ட்டுக்கு வரச் சொல்லி நிற்கிறான். இந்த வீட்டை விடமாட்டேன் என்றேன். அப்படியென்றால் புதிய ஏசி ஒன்றுக்கு முறையாகத் தனி வயர் இழுக்க வேண்டும்; அதற்கு என் கையெழுத்துடன் ஒரு விண்ணப்பம் வேண்டும். கட்டடப் பொறுப்பாளர் தாளைக் கொண்டுவந்தார். மகன் வாசித்துச் சொன்னான். பிறகு அவனே எழுதப் போனான்.

"விடுங்கோ அப்பா, நான் போடுறன்."

"என்ரை வீடு. என்ரை கை. தா இஞ்சை."

"அந்தாள் பாத்துக்கொண்டு நிக்குது."

"நிக்கட்டும். கால் நோகுதெண்டா கதிரையைக் குடு."

எட்டு எழுத்து, தமிழில். கடைசி எழுத்தின் சுழி கோட்டை விட்டு வெளியே போகப் பார்த்தது. நிறுத்தி, மூச்சு விட்டு, முடித்தேன். பொறுப்பாளர் தாளைத் தலைகீழாகவும் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். என் பெயர் என்று, தெரிந்த பிரெஞ்சில், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கொண்டு போனார்.

மறு கிழமை, அனுமதிப் பத்திரமுள்ள மின்வேலைக்காரப் பெண் வந்து மின் பிறேக்கர் பெட்டியிலிருந்து வயர் இழுத்துப் பூட்டிவிட்டாள்.

இன்று மத்தியானம் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "வெளியிலை நெருப்பு வெயில் அப்பா. வந்து கூட்டிக்கொண்டு போகட்டே?"

"நான் இஞ்சை சால்வை போத்திக்கொண்டு இருக்கிறன். உனக்கு வேர்த்தா நீ வா."

உன் செத்தவீடு முடிந்த பிறகு உன் மனைவி உன் பேனையை என்னிடம் தந்தார். எனக்காக நீ கையெழுத்துப் போட்ட அதே பேனை. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிறேன். பால் வாங்கப் போனாலும் கொண்டுபோகிறேன், எவராவது கையெழுத்துக் கேட்கமாட்டார்களா என்று.