நீலப் பொத்தான்

மச்சாள்,

உங்கள் ரிமோட்டில் இன்னும் தைலம் மணக்கிறது. லாசாலில் இருந்த உங்கள் வீட்டைக் காலிசெய்தபோது மற்றதெல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கணினிகூட மேல்மாடிப் பெண்ணிடம் போய்விட்டது. இந்தச் சின்ன ரிமோட்டை மட்டும் கைப்பைக்குள் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆசையாக எடுத்து வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று எனக்கிருந்த கோபத்தில் அதைக் கையிலிருந்து விட மனம் வரவில்லை. இன்று பஸ் அட்டையைத் தேடியபோது விரலில் தட்டுப்பட்டது. எடுத்து முகர்ந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு வாழ ரொறொன்ரோவுக்குப் போனபோது, நீங்கள் அவர் பக்கம்தான் நிற்பீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் ஒரு சூட்கேசோடு என் வாசலில் வந்து நின்றீர்கள். சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை. இனி நீயும் பிள்ளையும்தான்.” அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களோடு இருந்தீர்கள். நான் இரவு வேலை முடித்துவந்து படுத்திருக்க, நீங்கள்தான் பிள்ளையைக் கார்டெரி என்ற பிள்ளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விட்டீர்கள், மாலையில் கூட்டி வந்தீர்கள். அவளுக்குப் பேன் பார்த்தீர்கள். எனக்குச் சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தீர்கள்.

பல வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஜான்-டலோன் சந்தையில் பழைய ஆள் ஒருவர் உங்களை மறித்து, “தம்பி எப்பிடி இருக்கிறார்?” என்று கேட்டார். நீங்கள் கையிலிருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு, “எந்தத் தம்பி?” என்றீர்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அன்று முழுவதும் வயிறு நிறைந்திருந்தது. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாளைக் கடத்தினேன்.

பிறகு உங்கள் கைகள் நடுங்கத் தொடங்கின. மவுஸைப் பிடித்தால் அம்பு திரையெல்லாம் ஓடித் திரிந்தது. ஃபோனில் ஓர் எண்ணை அழுத்தப்போய் இன்னொன்றை அழுத்தினீர்கள். நான் கடை கடையாகத் திரிந்து இந்த ரிமோட்டை வாங்கி வந்தேன். கணினியைப் பெரிய டிவியோடு இணைத்து, மேலே ஒரு கேமராவும் பொருத்தி, யூடியூபைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வேலை வைத்தேன். சிவப்பை அழுத்தினால் என் ஃபோன் அடிக்கும். பச்சைக்குத் தேவாரம். மஞ்சளுக்கு ஊர்ச் செய்தி. முதல் நாள் உங்கள் விரல் நடுக்கத்தில் சிவப்பு இரண்டு தரம் அழுந்தியது. அழைப்பு போன கையோடு துண்டித்துக்கொண்டது. அதனால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும்படி மாற்றினேன். குசினிக்குள் நின்று, “இப்ப அமத்துங்கோ” என்று கத்தினேன். என் ஃபோன் அடித்தது. எடுத்து “ஹலோ” என்றேன். பக்கத்து அறையில் இருந்துகொண்டே, “ஆர் கதைக்கிறது?” என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

“நீலத்துக்கு என்ன போட?” என்றேன்.

“அது சும்மா கிடக்கட்டும். எல்லாத்துக்கும் ஒரு வேலை குடுக்கோணுமே?”

நான் சும்மா விட்டேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் செத்தாலும் அவனுக்குச் சொல்லிப்போடாதே,” என்றீர்கள். நான் சொல்லவில்லை. செத்தவீட்டில் ஆள்மாறி ஆள் வந்து, “தம்பிக்கு அறிவிக்கேல்லையோ?” என்று கேட்டார்கள். “அவவின்ர விருப்பம்,” என்றேன். கூடப்பிறந்தவனைக் கடைசி முகம்கூடப் பார்க்கவிடாத கல்நெஞ்சக்காரி என்று அவர்கள் என்னைப் பார்த்த பார்வையையும் வாங்கிக்கொண்டேன். உங்கள் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்ற ஒரு நிமிர்வு எனக்கிருந்தது.

வீட்டைக் காலிசெய்யப் போன அன்று கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. கணினியைக் கொடுக்கமுன் நான் வைத்ததையெல்லாம் அழித்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். சிவப்பை அழுத்தினேன். என் பைக்குள் ஃபோன் அடித்தது, உங்கள் பெயரோடு. கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பச்சை பாடியது. மஞ்சள் செய்தி சொன்னது. ஒன்றும் நடக்காது என்ற நினைப்பில் நீலத்தையும் அழுத்திப் பிடித்தேன்.

டிவித் திரை நிறைய உங்கள் தம்பியின் முகம் வந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. கேமரா இல்லாததால் அவருக்கு என்னைத் தெரியவில்லை.

“பிள்ளை? மாமி வீட்டிலயோ நிக்கிறாய்? உன்ர படம் வரேல்லை.”

நான் ரிமோட்டைக் கட்டிலில் வைத்தேன்.

“அம்மாவின்ர முழங்கால் இப்ப எப்பிடி? ஒப்பரேஷனுக்குப் பிறகு படி ஏறுறாவோ? அக்கா இருந்தால் எனக்குச் சொல்லுவா.”

“ஏறுறன்,” என்றேன்.

அவர் முகம் அப்படியே நின்றது. நான் சுவரிலிருந்த வயரை இழுத்துவிட்டேன்.

என் முழங்கால் ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் நான் பயந்து அழுதது உங்களிடம் மட்டும்தான், மச்சாள். அதையும் அவருக்குச் சொன்னீர்களா?

அன்று பின்னேரம் பெட்டிகளைக் கட்ட மகள் வந்தாள். ரிமோட்டை அவள் முன் வைத்து, “நீலத்தில அப்பாவை ஆர் போட்டது?” என்று கேட்டேன். அவள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“நான்தான். மாமி கேட்டவா.”

“எப்ப?”

“நீங்கள் இதைச் செய்து குடுத்த அடுத்த கிழமை. தம்பியின்ர முகத்தைப் பாக்கோணும் எண்டு அழுதவா, அம்மா. நான் என்ன செய்யிறது?”

“நீயும் அவரோட கதைக்கிறனியோ?”

“ஓம். சேஜெப் கொலிச்சில படிக்கேக்கையிருந்து. மாமிதான் முதல் நம்பர் தந்தவா.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் அம்மா உடைஞ்சு போயிடுவா எண்டு மாமி சொன்னவா.” பிறகு பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நாடாவை எடுத்துப் பெட்டியை ஒட்டத் தொடங்கினாள். உங்கள் நடுக்கத்துக்காக நான் சிவப்புக்கு வைத்த அதே அழுத்திப் பிடிக்கும் நேரத்தை அவள் நீலத்துக்கும் வைத்திருந்தாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை.

நீங்கள் தம்பியோடு கதைத்ததற்கு எனக்குக் கோபமில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். பேந்து நானே அவர் நம்பரை நீலத்தில் போட்டுத் தந்திருப்பேன். என் வீட்டுக்குள் இருந்துகொண்டு, என் சோற்றுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, தம்பி இல்லை என்று என்னை நம்பவைத்தீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சந்தையில் “எந்தத் தம்பி?” என்று கேட்ட அன்று காலையிலும் அவரோடு கதைத்துவிட்டுத்தான் வந்தீர்களா? இப்போது ஒவ்வொரு நாளாக எடுத்து, இதில் எது மெய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எனக்குத் தந்த நல்ல நாட்கள் எல்லாவற்றையும் அப்படி உரசிப் பார்க்கவேண்டி வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவருக்கு நானே ஃபோன் எடுத்தேன். “முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாங்கோ. உங்கட அக்காவுக்காக வாங்கோ. என்னோட ஒண்டும் கதைக்க வேண்டாம்,” என்றேன்.

அவர் சொன்னார்: “‘நான் செத்தாலும் நீ வராதே, அவள் தாங்கமாட்டாள்’ எண்டு அக்கா சொன்னவா. பிள்ளை ஃபோனில காட்டினவள், அதிலதான் செத்தவீட்டைப் பாத்தனான்.”

என்னிடம் ஒரு வாக்கு, அவரிடம் ஒரு வாக்கு. உங்கள் கட்டிலில் படுத்தபடியே எங்கள் எல்லாரையும் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறீர்கள்.

அவர் வந்தார். கோயில் மண்டபத்தில் தம்பியாக உங்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். ஐயர் சொன்ன இடங்களில் அவருடைய கையும் இலேசாக நடுங்கியது. அதைப் பார்த்துவிட்டு மகள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பினேன். பந்தியில் சோறு பரிமாறியது நான்தான். அவருக்கும் போட்டேன். “போதும்,” என்றார். அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது.

அவருக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர், என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்கள் மோசம்போனவவுக்கு என்ன முறை?” என்று கேட்டார். உங்கள் தம்பி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். தண்ணீர்ப் போத்தலோடு வந்த மகளும் நின்றாள். உங்கள் தம்பி என்னை விட்டுப் போய், கோர்ட்டில் தீர்த்து எத்தனையோ காலமாகிறது. உங்களுக்கும் எனக்கும் முறை என்று ஒன்றுமே இல்லை.

“மச்சாள்,” என்றேன்.

என் குரலில் இருந்தது கோபம். அந்த அம்மா அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். நான் அவரைத் திருத்தவில்லை.