சிவப்புக் கயிற்றுக் கத்தரிக்கோல்

மே 4

கிளார்க் ஐயா அவர்களுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. மலைக்காட்டில் குளுகுளுவென்று இருப்பவருக்கு என்ன குறை? நான்தான் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு, மேல்வீட்டு அக்கா எப்போது காபி கொண்டுவருவாள் என்று வாசலைப் பார்த்துக் கிடக்கிறேன்.

பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டும் முகாமுக்குப் பன்னிரண்டு வருஷமாக, புருஷனும் பெண்டாட்டியுமாக நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொண்டர்களாகப் போகிறோம். நான் வலையிலிருந்து பறவையை எடுப்பேன், நீங்கள் பக்கத்தில் நின்று எழுதுவீர்கள். படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டது நான். "நீங்க போயிட்டு வாங்க" என்று சொன்னதும் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக, சொல்லி வாய் மூடுவதற்குள் பையைக் கட்டுவதா? "உன்னை விட்டுட்டு எப்படிப் போறது?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கலாம். அதற்கும் "போங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

என் மழைக்கோட்டையும் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். இடது பாக்கெட்டில், சிவப்புக் கயிறு கட்டிய என் சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். தொலைத்துவிடாதீர்கள்.

கோபத்துடன்,
டீச்சர்

மே 9

என் அன்பு டீச்சருக்கு,

உன் திட்டு அரிசி மூட்டைக்கு மேல் உட்கார்ந்து ஜீப்பில் வந்து சேர்ந்தது. இந்த ஜீப் வாரத்துக்கு ஒருமுறைதான் மேலே வருகிறது, போனுக்கு சிக்னலும் கிடையாது. அதனால் வாரம் ஒரு திட்டோடு தப்பித்தேன்.

இங்கே விடாத மழை. அட்டைகள் சாக்ஸுக்குள் புகுந்து விருந்து சாப்பிடுகின்றன. தகரக் கூரைக்கு அடியில் மேஜை போட்டு வளையம் மாட்டுகிறோம். உன் கத்தரிக்கோல் பத்திரம். என் கழுத்தில்தான் தொங்குகிறது.

ஒரு நல்ல சேதி. இந்தத் தடவை ஆள் குறைவு. "வலையிலேர்ந்து பறவை எடுக்கத் தெரியுமா சார்?" என்று முகாம் தலைவி கேட்டார். "தெரியுமே" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் உன் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியாதா? இரண்டு நாளில் ஐந்து பறவைகள் எடுத்தேன். உள்ளங்கையில் அந்த நெஞ்சு அடித்துக்கொள்வது இருக்கிறதே, நீ ஒருநாளும் சொன்னதில்லை.

காலை ஊன்றாதே. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
கிளார்க்

மே 13

கிளார்க் ஐயாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் ஊன்றக் கூடாத காலை ஊன்றி எழுந்துவிட்டேன். வலி உயிர் போகிறது. அதுவும் உங்கள் கணக்கில்தான்.

பார்த்தால் வந்துவிடுமா? கல்யாணமான நாளிலிருந்து நான் முட்டை வேகவைப்பதைப் பார்க்கிறீர்கள். இன்றுவரை நீங்கள் வைத்து ஒரு முட்டையாவது விரிசல் விடாமல் வெந்திருக்கிறதா? ஒரு பறவையைத் தொட எனக்கு இரண்டு சீசன் பயிற்சி கொடுத்தார்கள். நீங்கள் அந்த அம்மாவிடம் பச்சைப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். ஐந்தும் உயிரோடு போனது அதுகளின் அதிர்ஷ்டம்.

எந்தப் பக்கத்திலிருந்து வலைக்குள் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். கால்களை முதலில் விடுவிக்க வேண்டும். இழுக்கவே கூடாது. சிக்கல் விடவில்லையென்றால் நூலை வெட்டிவிட வேண்டும். வலையைத் தைத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் ஆளாளுக்குக் கழுத்தில் கத்தரிக்கோல், அழகுக்கு இல்லை.

உண்மையைத் தலைவியிடம் உடனே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நானே எழுதுவேன்.

டீச்சர்

மே 16

டீச்சருக்கு,

நான் உன் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் இல்லை. மலை ஏறி வந்த கடிதத்திலும் பிரம்பைக் கீழே வைக்க மாட்டாயா? எனக்கும் ஐம்பத்தைந்து வயதாகிறது. ஆபீஸில் நாலு பேர் என்னைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

எடுக்கிறேன், நன்றாகத்தான் எடுக்கிறேன். முந்தாநாள் ஒரு ஈப்பிடிப்பான் மட்டும் பறக்கவில்லை. அதற்கு ஏற்கெனவே இறக்கை பலவீனம் போலிருக்கிறது. காடு என்றால் நாலும் நடக்கும். இதையெல்லாம் பெரிதுபடுத்தாதே.

மழை விட்டபாடில்லை. மேல்வீட்டு அக்காவை விசாரித்ததாகச் சொல்.

கிளார்க்

மே 20

இறக்கை பலவீனமான பறவை, தலைக்கு மேலே கட்டிய வலைக்கு எப்படி வந்தது? ஏணி வைத்து ஏறியதா?

யாரிடம் கதை அளக்கிறீர்கள்?

ஒன்றுதான் கேட்கிறேன். அப்போது கத்தரிக்கோல் உங்கள் கழுத்தில் இருந்ததா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். சாக்குப்போக்கு எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம். முகாம் முடிந்து நேரே இந்த வீட்டுக்கு வரவும் வேண்டாம். உங்கள் தம்பி வீட்டில் இடம் இருக்கிறது.

மே 23

டீச்சருக்கு,

இருந்தது.

நூல் இறக்கையின் மடிப்பில் இறுகியிருந்தது. பக்கத்து வலையில் நின்ற காலேஜ் பெண், "வெட்டிடுங்க சார்" என்றாள். "இதோ வந்துடும்மா" என்றேன். வெட்டினால் ஓட்டை விழும், இவருக்கு எடுக்கத் தெரியவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. இழுத்தேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. தலைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பிழைக்காது" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போது பறவைகளைப் போட்டுவைக்கும் துணிப்பைகளைத் துவைக்கிறேன். மத்தியானம் பழையபடி பென்சில்.

நான் செய்தது தப்பு. ஆனால் என் கோபத்தையும் கேட்டுக்கொள். இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது, "இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க" என்று ஒரு பறவையை என் கையில் கொடுத்திருக்கிறாயா? நீ சொல்லச் சொல்ல எழுதினேன். எடை, இறக்கை நீளம், வளைய எண். என் கையெழுத்து அழகு என்று எல்லாரிடமும் சொன்னாய். அந்தக் கைக்கு வேறு ஆசை இருக்குமா என்று கேட்டாயா? நீ இல்லாத வருஷத்தில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. "போங்க" என்றதும் ஓடி வந்தது அதனால்தான்.

தம்பி வீட்டுக்குப் போகச் சொன்னால் போகிறேன்.

கிளார்க்

மே 27

கிளார்க் ஐயாவுக்கு,

அந்த ஈப்பிடிப்பானை நினைத்து அழுதேன். மேல்வீட்டு அக்கா, "அவ்வளவு வலிக்குதா கால்?" என்று தைலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என்னவென்று சொல்வது? தேய்க்க விட்டேன்.

நீங்கள் வாயைத் திறந்து கேட்டீர்களா? நாய்க்குட்டியைத் தொட்டால்கூட இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிற மனுஷருக்குப் பறவைமேல் ஆசை என்று எனக்கு எந்தச் சாமி வந்து சொல்லும்? ஆசையை உள்ளேயே பூட்டிவைத்துவிட்டு, கடைசியில் ஒரு வாயில்லா ஜீவன்மேல் காட்டினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் ஒருநாளும் பிடித்துப் பார்க்கச் சொன்னதில்லை என்பதும் உண்மைதான். அதை ஒத்துக்கொள்ளவும் எரிச்சலாக இருக்கிறது.

இத்துடன் ஒரு பார்சல். பழைய வலைத் துண்டு ஒன்று, அதற்குள் ஒரு சாக்ஸ். முதல் சீசனில் கை பழக எனக்கும் இப்படித்தான் கொடுத்தார்கள். நீங்கள் ஆபீஸுக்குப் போடும் சாம்பல் நிற சாக்ஸ்தான். வேண்டுமென்றே அதை எடுத்தேன். இருந்த ஆத்திரத்தையெல்லாம் முடிச்சாகப் போட்டிருக்கிறேன். எனக்கே அதைப் பிரிக்க வருமா என்று தெரியாது. மழையில் நனைத்துவிட்டு, மற்றவர்கள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து எடுங்கள்.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். நான் அங்கே இல்லை, பார்க்கப்போவதுமில்லை. நீங்கள் எழுதுவதை நம்பித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வருவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

கோபம் தீரவில்லை.

டீச்சர்

மே 30

என் டீச்சருக்கு,

தகரக் கூரைக்கு வெளியே மழையிலேயே உட்கார்ந்து எடுத்தேன். குதிகால் பக்கம் வந்துவிட்டது. விரல் பக்கம் வரவே இல்லை. படுபாவி, எப்படிப் போட்டாய் அந்த முடிச்சை? தலைவி, சமையல்காரர், ஜீப் டிரைவர் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் காலேஜ் பெண்ணும் நின்றாள். அவள் "வெட்டிடுங்க சார்" என்று சொல்லும்வரை இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை.

உன் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டேன்.

கிளார்க்