கொக்கியைப் பார்த்தவன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று லிஃப்ட் சோதித்தேன். இரண்டு பாஸ். மூன்றாவது, கதவு முழுதாக மூடும் முன்பே கிளம்புகிறது. ‘பயன்படுத்தக் கூடாது’ என்ற சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு வந்தேன். ஏழாம் மாடிக்காரர் ஒருவர் படியேறிக்கொண்டே என்னைத் திட்டினார். மூச்சு வாங்கியதில் பாதித் திட்டு அவருக்குள்ளேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் சோபாவில் மைத்துனன். கடலில் இரும்புக் கூண்டுக்குள் இறங்கிச் சுறாவைப் பார்க்கப் போகிறோமாம். வழிகாட்டி உண்டு, படகு உண்டு, எல்லாம் பேசி முடித்துவிட்டானாம்.

"நாம கூண்டுக்குள்ள, சுறா வெளிய. மிருகக்காட்சிசாலைய அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி, அத்தான்!"

மனைவியும் மகளும் கைதட்டினார்கள். கூண்டு எதில் தொங்கும் என்று கேட்டேன். கைதட்டல் நின்றது.

மார்ச் 8, ஞாயிறு

"இந்தத் தடவை நீங்க வர வேண்டாம்ப்பா."

மகளுக்குப் பதிமூன்று வயது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். பொறுமையாகச் சொன்னாள். ரோப் காரில் ஏறவிடவில்லை, கம்பியில் துரு. ராட்டினத்தில் ஏறவிடவில்லை, போல்ட் குறைவு. லீவுக்குப் போன ஹோட்டலில் ஒன்பது மாடி நடக்கவைத்தேன்.

"நீங்க சொல்றது தப்புன்னு சொல்லலப்பா. ஆனா நாம இதுவரைக்கும் எதுலயுமே ஏறினதில்ல."

மனைவியைப் பார்த்தேன். அவள் துணி மடிப்பதில் மும்முரமாக இருந்தாள். ஏற்கெனவே மடித்த துணி.

நான் இல்லாமலே போய்விடுவார்கள். போட்டோவில் மூன்று பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வருகிறேன் என்றேன். உடனே காகிதமும் பேனாவும் வந்தன: ‘கூண்டு, கயிறு, கொக்கி, போல்ட் எதைப் பற்றியும் வாயைத் திறக்கமாட்டேன்.’ நான் கையெழுத்துப் போட்டேன். மைத்துனன் சாட்சி. காகிதம் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் படிக்கிறேன்.

மார்ச் 14, சனி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்த ராட்டினத்தில் போல்ட் எல்லாம் இருந்தது. எனக்குத்தான் பயம்.

மார்ச் 20, வெள்ளி

நாளைக்குப் படகு. மனைவி என் பையைச் சோதனை போட்டு டார்ச், ஸ்பானர், அளவு நாடா மூன்றையும் பறிமுதல் செய்தாள். நான் போட்டிருந்த வேலைச் சட்டையை மட்டும் சோதிக்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை, சத்தியமாக.

மார்ச் 21, சனி

தூக்கம் சொக்குகிறது. இருந்தாலும் எழுத வேண்டும்.

கடல் சாதுவாகத்தான் இருந்தது. ஆனாலும் கரை மறைவதற்குள் மைத்துனன் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வழிகாட்டி ஐம்பது வயதுப் பெண்மணி. "கூண்டுக்கு வெளிய கைய நீட்டாதீங்க. சுறாவுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா எது கை, எது மீன்னு நின்னு யோசிக்கவும் யோசிக்காது" என்றாள்.

படகின் பின்பக்கம் சின்ன கிரேனில் கூண்டு தொங்கியது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். கொக்கியின் வாயை மூடுகிற தகடு இல்லை. அதற்குப் பதில் யாரோ நைலான் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒரு பெரிய அலை தூக்கிப் போட்டால் போதும், சங்கிலி கழன்றுவிடும்.

நிஜமாகவே இல்லையா? இல்லை, இதுவும் ராட்டினக் கதைதானா? மூன்று முறை பார்த்தேன். தகடு இல்லை. இறங்குவதற்கு என் மகள் முதல் ஆளாக நிற்கிறாள்.

வாயைத் திறக்கக் கூடாது. சரி, திறக்கவில்லை. கை தானாக வேலைச் சட்டையின் பைக்குப் போனது. ‘பயன்படுத்தக் கூடாது’ — சிவப்பு அட்டையைக் கூண்டில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

"யாரு இத மாட்டினது?" என்றாள் வழிகாட்டி.

படகே என்னைத் திரும்பிப் பார்த்தது. மைத்துனன்கூட வாளியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அப்பா... கையெழுத்துப் போட்டீங்க." மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாயைத் திறக்காமலே கொக்கியைக் கைகாட்டினேன்.

வழிகாட்டி போய்க் கயிற்றை ஒரு இழு இழுத்தாள். அறுந்து கையோடு வந்துவிட்டது. அதன் பிறகு படகோட்டியைக் கூப்பிட்டு அவள் பேசியதை எழுத முடியாது. பத்து நிமிடத்தில் புதுக் கொக்கி மாட்டினார்கள்.

"சார், இப்ப நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாத ஒரு கொக்கியைப் பார்த்து நான் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

"அப்ப நீங்களும் இறங்கலாமில்லப்பா?"

அட்டையை நானே கழற்றினேன். மைத்துனன் வாளியோடு மேலேயே தங்கிவிட, நாங்கள் மூவரும் இறங்கினோம்.

ஐயோ, அந்தக் குளிர்! மூச்சுவிட வாயில் கவ்வியிருந்த காற்றுக் குழாயைக் கடித்துத் துண்டாக்காதது என் பற்களின் பெருந்தன்மை. மகள் என் கையைப் பிடித்திருந்தாள். திடீரென்று நகம் பதிய இறுக்கினாள். என்னமோ ஆகிவிட்டது என்று சட்டென மேலே பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மேலே வந்ததும், "பார்த்தீங்களாப்பா? எவ்ளோ பெரிய வாயி!" என்றாள்.

"பார்த்தேன், பார்த்தேன்" என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

வழிகாட்டி போட்டோ அனுப்பியிருக்கிறாள், கூண்டுக்குள் மாட்டியிருந்த கேமரா எடுத்தது. கம்பியை உரசிக்கொண்டு சுறா. அதற்கு நேராகக் கண்ணை விரித்தபடி மனைவி, மகள். என் தலை மட்டும் அண்ணாந்து இருக்கிறது.

"சுறா வந்தப்ப நீங்க எங்கேப்பா பார்த்தீங்க?"

மாட்டிக்கொண்டேன். "கொக்கியைத்தான். யாராவது ஒருத்தர் பார்க்கணுமில்ல?"

மனைவிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனால், ஃப்ரிட்ஜ் கதவில் காகிதத்தைக் காணோம். அந்த இடத்தில் போட்டோ.

ஏப்ரல் 5, ஞாயிறு

பொருட்காட்சி. அதே ராட்டினம். டிக்கெட்டை நானே வாங்கினேன். வரிசையில் நிற்கும்போது மகளிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்குப் போல்ட் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று.

"தெரியும்ப்பா. அன்னிக்கே எண்ணிட்டேன்."

எங்கள் முறை வந்தது. ஏறும் முன் அவள் குனிந்து இன்னொரு தடவை எண்ணினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.